அப்பாவின் படம் ஆடவில்லை, அம்மா

என் பிரியத்துக்குரிய அம்மா,

அப்பாவுக்கும் உன் இருமலே வந்துவிட்டது. சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். பயப்படாமல் மீதியையும் கேள்.

நீ நெஞ்சுப் படம் எடுக்க பஸ் ஏறிப் பலாங்கொடைக்குப் போன அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இன்று ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பதுதான் என் வேலை. வேலை பழகிய பிறகுதான் உன் படம் ஏன் ஆடி மங்கலாக விழுந்தது என்று புரிந்தது.

தோட்டத்து லயத்தில் நம் வீட்டு பல்புக்கு வருகிற கரண்ட் எக்ஸ்ரே குழாய்க்குப் போதாது. அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக ஏற்றிக் கொடுக்க ஒரு பெட்டி உண்டு. தேயிலை ஃபேக்டரிக்குப் பின்னால் புகை கக்குவது வேறு, ஆனால் இதற்கும் ஜெனரேட்டர் என்றுதான் பெயர்.

நீ நின்றது ஒற்றை ஃபேஸ் பெட்டியின் முன்னால். கோடையில் நம் பீலிக் குழாயில் தண்ணீர் விட்டு விட்டு விழுமே, அப்படி அதில் மின்சாரம் ஏறி இறங்கும். குடம் நிறைய நேரமாவதுபோல் படம் விழவும் நேரமாகும், அதுவரை மூச்சை அடக்கி நிற்க வேண்டும். அந்த இருமலோடு நீ எப்படி நிற்பாய்? பிறகு மூன்று ஃபேஸ் பெட்டி வந்தது. மூன்று பீலி ஒரே குடத்தில் விழுந்தால் ஒன்று குறையும்போது மற்றது ஈடுகட்டும் அல்லவா, அதுபோல. இப்போது இருப்பது ஹை ஃப்ரீக்வன்சி. வருகிற கரண்டை நேராக்கி, நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, ஏற்ற இறக்கம் தெரியாமல் கொடுக்கும். கண் சிமிட்டுவதற்குள் படம் விழுந்துவிடும். வார்டுக்குத் தள்ளிப்போகிற மெஷினில் பேட்டரியும் உண்டு.

ஆனால் ஆடிய படம் மட்டுமா உன்னைக் கொண்டுபோனது? மறுபடி வரச் சொன்னார்கள், நீ போகவில்லை. “கரண்டு புடிச்சாச்சுல்ல, நெஞ்சு லேசாயிருச்சு” என்று மறுநாளே கொழுந்து பறிக்கப் போய்விட்டாய். புற்றுநோய்க்குக் கரண்ட் பிடிக்கிறார்களே, இதுவும் அப்படி ஒரு வைத்தியம் என்றுதான் லயமே நம்பியது. யாரை அம்மா கோபிப்பது?

போன கிழமை அப்பாவைக் கூட்டிவந்தேன். மழையில் கரண்ட் போய்ப் பெரிய மெஷின் நின்றிருந்தது. பேட்டரி மெஷினைத் தள்ளிவந்து, இரண்டு இருமலுக்கு நடுவே பொத்தானை அழுத்தினேன். படம் தெளிவாக விழுந்தது.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். “அவ்வளவுதானா? இப்பவே நெஞ்சு லேசா இருக்கு. நாளைக்கு வேலைக்குப் போயிர்றேன்.”

“அப்பா, இது மருந்து இல்லீங்க. உள்ள என்னா இருக்குன்னு பாத்தோம், அவ்வளவுதான். மருந்து இனிமேதான் குடுப்பாங்க.”

“அப்ப ஒங்கம்மாவுக்கு?”

“அம்மாவுக்கு மருந்தே குடுக்கலப்பா.”

அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். அவரோடு சேர்ந்து நானும் அழுதேன்.

சளியையும் சோதித்தார்கள். காசநோய்தான், ஆனால் ஆரம்பம். மாத்திரையை விடாமல் குடித்தால் குணமாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீ இருந்திருந்தால் அவரை அதட்டிக் குடிக்க வைத்திருப்பாய், இப்போது அதட்டுவது நான்.

அம்மா, இனி ஒருவரையும் என் அறையிலிருந்து நேரே லயத்துக்குத் திரும்பிப் போக விடமாட்டேன். படம் எடுத்ததும் கையைப் பிடித்து டாக்டரின் கதவு வரை நானே கூட்டிப்போவேன். உன் கையைத்தான் அன்று யாருமே பிடிக்கவில்லை.

அப்பாவைப் பார்த்துக்கொள்ளும்
உன் மூத்த மகள்