படம் 23-இன் கிழிந்த மூலை

04-02-1991, திங்கட்கிழமை, காலை 6.10.
குறிப்பு எண் 1: படம் 23 கண்டது.

ஏரிப் பக்கம் பனி. எதிர்வீட்டு முருங்கை தெரியவில்லை. இடது முழங்கால் வலி நேற்றைவிடக் குறைவு. பால் பத்து நிமிடம் தாமதம். இம்மாதத்தில் இரண்டாம் முறை.

இன்று முதல் குறிப்புகளுக்கு எண் இடுகிறேன். காரணம் பின்வருவது.

நேற்று மாலை 5.20-க்கு மாடிக் குடித்தனக்காரர் செல்வராஜின் மகள் மெர்சி (மருத்துவக் கல்லூரி, முதலாம் ஆண்டு) செய்முறைப் புத்தகத்துக்கு அட்டை போடப் பழுப்புத் தாள் கேட்டு வந்தாள். கொடுத்தேன். அவள் அட்டை போடும் விதம் சகிக்கவில்லை, மூலைகள் கோணல். வாங்கி நானே போட்டேன். நரம்பும் தசையும் பற்றிய செய்முறைக் கையேடு, ஆங்கிலம், மூன்றாம் பதிப்பு. ஆசிரியர் பெயரைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். ச.வே.

பக்கம் 61, படம் 23. தவளையின் கெண்டைக்கால் தசை சுருங்குவதில் வெப்பநிலையின் விளைவு. புகைக்கரி படிந்த தாளில், தசை இழுத்த ஊசிமுனை கீறிய மூன்று வெள்ளை வளைகோடுகள். தாளின் மேல் வலது மூலை கிழிந்திருக்கிறது.

அந்த மூலை என்னிடம் இருக்கிறது.

அதே நாள், காலை 11.00.
குறிப்பு எண் 2: பழைய விவரம், பின்னால் குழப்பம் நேராதிருக்க.

ச.வே.: பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் முதுகலையில் என் செய்முறைக் கூட்டாளி. பிற்பாடு பேராசிரியர்.
நான்: அதே ஆண்டு தேர்வில் தோல்வி. பிற்பாடு ஆவடித் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சோதிப்பவன். ஓய்வு 1983.

12-04-1949, செவ்வாய். மறுநாள் பத்து மணிக்குத் தேர்வு. என் பதிவேட்டில் ஒரே ஒரு சோதனை பாக்கி, வெப்பநிலை. ச.வே. காலையில் வரவில்லை. தவளையை நானே அறுத்தேன், நரம்பை நானே பிரித்தேன், சுழல் உருளைக்கு நானே தாள் சுற்றி மண்ணெண்ணெய்ச் சுடரில் கரி படியவிட்டேன். தசையின் மேல் முதலில் சாதாரண உப்புக் கரைசல், அடுத்துச் சூடானது, கடைசியில் குளிர்ந்தது என்பதுதான் எல்லோரும் செய்யும் வரிசை. அன்று நான் அப்படிச் செய்யவில்லை. ஐஸ் ஒன்பது மணிக்கு மரத்தூள் போட்ட சாக்கில் வந்தது. பங்குனிக் கடைசி வெயில். பதினொன்றுக்குள் தண்ணீர். ஆகவே குளிர்ச்சி முதலில், சாதாரணம் இரண்டாவது, சூடு மூன்றாவது. ஊசியால் 1, 2, 3 என்று மட்டும் கீறினேன். மூலையில் என் முதலெழுத்துகள், தேதி. பெயர்ச் சீட்டு ஒட்டுவதை மறுநாளுக்கு விட்டேன். கரி உதிராதிருக்க அரக்கு வார்னிஷில் முக்கிக் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். மாலையில் அறையைப் பூட்ட வந்தவன் ச.வே.

13-04-1949 காலை 8.40. கம்பியில் கிளிப் இருந்தது. கிளிப்பில் மூலை மட்டும் இருந்தது.

தேர்வாளர் சொன்னது: "தாள் இல்லையென்றால் சோதனையும் இல்லை."

நாற்பத்தோரு ஆண்டு, ஒன்பது மாதம், இருபத்திரண்டு நாள். இதுவரை சந்தேகம். இன்று சான்று. சான்று மூலை மட்டுமன்று. ச.வே. 1, 2, 3-ஐ எல்லோரும் செய்யும் வரிசை என்று நினைத்துப் பெயர் ஒட்டியிருக்கிறான். குளிர்ச்சியில் குட்டையாக, நீளமாக இழுத்துக்கொண்டு போகும் 1-ஆம் கோட்டுக்குச் "சாதாரணம்" என்று பெயர். சூட்டில் உயரமாக எழுந்து சட்டென்று இறங்கும் 3-ஆம் கோட்டுக்குக் "குளிர்ச்சி" என்று பெயர். முழுத் தவறு. எதிர்ப்பக்கத்து விளக்கமோ சரியாக இருக்கிறது. அது வேறெங்கிருந்தோ எடுத்தது. மூன்று பதிப்பிலும் எவரும் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படிக்கவில்லை.

பின்னர் சேர்த்தது: மதியம் இரண்டு பிடி சோறு அதிகம் உண்டேன்.

05-02-1991, செவ்வாய், மாலை 6.30.
குறிப்பு எண் 3: மெர்சி கேட்டதும் நான் சொல்லாததும்.

வெயில் அதிகம். ரத்த அழுத்த மாத்திரை காலையில் மறந்து 10.15-க்கு உண்டேன்.

மெர்சி பதிவேட்டுடன் வந்தாள். முகம் வாடியிருந்தது.

"தாத்தா, மூணு தடவ எடுத்துட்டேன். சூட்டுல ஒசரமா போய் சீக்கிரம் முடியுது. ஐஸ்ல குட்டையா இழுத்துக்கிட்டே போவுது. புக்கு படத்துல ஐஸ்தான் ஒசரம். மேடம் ரெக்கார்ட திருப்பிக் குடுத்துட்டாங்க."

"எதிர்ப்பக்கத்து விளக்கத்தைக் காட்டினாயா?"

"காட்னேன். 'படத்தப் பாத்து ஒட்டு, வக்கீல் மாதிரி பேசாத'ன்னாங்க. 'இத்தன வருஷமா எல்லாரும் படிக்கிற புக்கு தப்பு, நீ ஒருத்தி ரைட்டா'ன்னாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சைன் ஆகலன்னா பரீட்சைல உக்கார முடியாது. நீங்க இதெல்லாம் படிச்சவரு. எது தாத்தா சரி?"

"ஆராய்ந்து சொல்கிறேன்" என்றேன்.

ஆராய ஒன்றுமில்லை. ஆயினும் அவளே போகிற போக்கில் ஒரு செய்தி சொல்லியிருந்தாள்: 17-ஆம் தேதி, ஞாயிறு, கல்லூரியில் ச.வே.-க்குப் பாராட்டு விழா. அந்த மேடம் அவனுடைய மாணவி. இன்று மெர்சியிடம் சொன்னால் நாளை மேடத்துக்கு, நாளை மறுநாள் அவனுக்கு. திருத்தச் சீட்டு ஒன்றை ஒட்டிவிட்டு அச்சுப்பிழை என்பான். கூடாது. சால்வை தோளில் விழும் நேரத்தில் நான் எழுந்து நிற்க வேண்டும். மூன்றாம் வரிசை, வலப்பக்க ஓரம். பேச்சு நான்கு நிமிடம்.

பன்னிரண்டு நாள் பொறுப்பது எனக்குப் பெரிதன்று.

06-02-1991, புதன், பிற்பகல் 3.00.
குறிப்பு எண் 4: நகல்.

வாங்க வேண்டியவை: முகச்சவரத் தகடு, பசை, கமலாவுக்கு இருமல் மருந்து, நீள உறை (தடித்தது).

கொரட்டூர் நிலையத்தருகே நகல் கடை. கடைக்காரர் மூலையைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தார், திருப்பினார், மீண்டும் பார்த்தார்.

"இன்னா நைனா இது, கருப்புக் காயிதத்த குட்த்து ஜெராக்ஸ் போடுன்ற. எல்லாம் கருப்பாத்தான் வரும்."

"வெள்ளை எழுத்து இருக்கிறது. கவனித்துப் பாரும்."

"எயுத்தா? நான் பல்லி கீறிச்சுன்னு நெனச்சேன். எந்தக் காலத்துது இது?"

"1949."

"அப்ப எங்க நைனாக்கே கல்யாணம் ஆவல. பத்திரமா வெச்சிக்கினு கீற பாரு, அதான் பெரிசு."

ஐந்தாம் முறை ஓரளவு தெளிவு. விரலால் தொட வேண்டாமென்று இருமுறை எச்சரித்தேன். தொட்டார்.

வீட்டில் கமலா: "இன்னும் அந்தத் துண்டையா வெச்சிருக்கீங்க? நம்ம கல்யாணப் பத்திரிகை எங்கேன்னு கேட்டா தெரியாது."

"அது சான்று இல்லை" என்றேன். இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கண்ணாடி முன் ஒத்திகை. நான்கு நிமிடம் இருபது விநாடி. "கள்வன்" என்ற சொல்லை இரண்டு இடத்தில் நீக்கி ஒரே இடத்தில் வைத்தேன். இறுதியில்.

08-02-1991, வெள்ளி, மாலை 7.05.
குறிப்பு எண் 5: (தலைப்பு பின்னர்)

மெர்சி கேசரிக் கிண்ணத்துடன் வந்தாள். அவள் அம்மா செய்தது. முந்திரி அதிகம்.

"சைன் ஆயிடுச்சு தாத்தா!"

"எப்படி?"

"லேபிள பிச்சு, புக்குல இருக்கற மாதிரி மாத்தி ஒட்டிட்டேன். மேடம் ரெண்டு செகண்ட் பாத்தாங்க. 'இப்பதான் ஒழுங்கா வந்திருக்கு'ன்னு கையெழுத்து போட்டாங்க. வெரி குட் வேற."

"நீ எடுத்த கோடு சரியானது, மெர்சி. பெயர்தான் பொய்."

"தெரியும். கிளாஸ்ல எல்லாரும் மொதல்லயே மாத்தித்தான் ஒட்டுனாங்க. நான் ஒருத்திதான் லூசு மாதிரி மூணு தவளைய அறுத்தேன். அடுத்த பேட்ச்சுக்குப் புதன்கிழமை. அவங்களுக்கும் சொல்லிட்டேன், புக்கப் பாத்து ஒட்டுங்கடின்னு." பிறகு கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, "நீங்க பாத்து சொல்றேன்னீங்க. சொல்லவே இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. படியேறிப் போய்விட்டாள்.

கேசரி அப்படியே இருக்கிறது.

தான் செய்யாத சோதனைக்கு ச.வே. பெயர் ஒட்டினான். தானே செய்த சோதனைக்கு அவன் ஒட்டிய தவறான பெயர்களையே ஒட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள் இவள். இடையில் மூன்று நாள் வாய் மூடியிருந்தவன் நான். இதையும் எழுதி வைக்கிறேன். பதிவேடு என்றால் முழுமையாக இருக்க வேண்டும்.

09-02-1991, சனி, காலை 5.50.
குறிப்பு எண் 6: முடிவு.

பனி இல்லை. ஆவடிப் பக்கம் போகும் ரயில் சத்தம் துல்லியம்.

17-ஆம் தேதி போவதில்லை. இன்றே பதிவு அஞ்சல். ச.வே.-க்கு மூலக்கடிதம், துறைத் தலைவருக்கு நகல். செவ்வாய்க்குள் சேரும், புதன்கிழமை ஒட்ட வேண்டியவர்கள் சரியாக ஒட்டலாம். இரக்கம் என்று எவரும் கொள்ள வேண்டாம். நான்கு நிமிடம் பேசியிருந்தால் அவனுக்கு நான்கு நிமிடம். செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஐந்து நாள். படித்துவிட்டு, மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு, மேடையில் உட்காரட்டும்.

காலை 7.15. மெர்சியிடம் மாடிப்படியில் சொன்னேன்.

"என் பேரு வரக் கூடாது தாத்தா. மேடம்கிட்ட வைவா இருக்கு."

"வராது."

சற்று நேரத்தில் அவளே இறங்கி வந்து சுருட்டிய தாள் ஒன்றைக் கொடுத்தாள். முதல் முறை எடுத்தது. பெயரில்லாதது. ஓரத்தில் அவள் கட்டைவிரல் ரேகை.

கமலா உறையைப் பார்த்தாள். "அதையும் குடுத்துட்டா, அப்புறம் எதை எடுத்து எடுத்துப் பாப்பீங்க?"

கேசரியைச் சுடவைத்துத் தரச் சொன்னேன்.

காலை 9.30. கடிதம் முடிந்தது. ஒன்பது வரி. "கள்வன்" இல்லை. மூன்று பெயர்களையும் திருத்தி அறிவிக்கக் கோரியிருக்கிறேன். அதன்பின் ஒரே கேள்வி: "படம் 23-இல் உள்ள மூன்றில் முதலில் எடுத்தது எது? ஏன்?"

இணைப்புகள்:
1. பக்கம் 60, 61-இன் நகல். முரண் சிவப்பு மையில் குறிக்கப்பட்டது.
2. என் ஆய்வகக் குறிப்பேடு, 12-04-1949, பக்கம் 31, நகல். ஐஸ் வந்த நேரம் உட்பட.
3. அதே சோதனை, அண்மையில் எடுத்த தாள், ஒன்று. எடுத்தவர் பெயர் தரப்படவில்லை.
4. புகைத்தாளின் மேல் வலது மூலை, மூலம். மீதித் தாள் தங்களிடம் இருப்பதால் பொருத்திப் பார்த்துக்கொள்ளவும்.
5. என் முகவரி எழுதி அஞ்சல் தலை ஒட்டிய உறை, ஒன்று. கேள்விக்கான விடைக்கு.