எஸ்றாவின் பட்டமளிப்புப் பாட்டு

மில்பர்ன், ஆர்க்கன்சா
ஏப்ரல் 27, திங்கள்

அன்புள்ள நடீன் அக்காவுக்கு,

டார்லா எழுதுகிறேன். உறையின்மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பாய். ஒன்றும் ஆகவில்லை. கர்த்தருடைய கிருபையில் நான், கர்ட்டிஸ், எஸ்றா மூன்று பேரும் சுகம். கர்ட்டிஸுக்குப் படி ஏறும்போது முழங்கால் முணுமுணுக்கிறது, கூடவே அவரும் முணுமுணுக்கிறார். நீ எப்படி இருக்கிறாய்? டூசானில் இதற்குள் வெயில் கொளுத்த ஆரம்பித்திருக்கும். கிறிஸ்துமஸ் அட்டையில் நீ எழுதும் இரண்டு வரியில் ஒன்றும் தெரிவதில்லை. நானும் இரண்டு வரிதான் எழுதுகிறேன், அதனால் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சந்தோஷ சமாச்சாரம் ஒன்று. எஸ்றா பள்ளிப்படிப்பை முடித்துவிட்டான். மே 23, சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பட்டமளிப்பு விழா. பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் எங்கள் வீட்டுப்பள்ளிக் குழுவில் இந்த வருஷம் நான்கு பிள்ளைகள் முடிக்கிறார்கள். மின்கம்ப வேலைக்குப் பயிற்சி தரும் பள்ளி ஒன்றில் அவனுக்கு இடமும் கிடைத்துவிட்டது. எழுத்துத் தேர்வு எழுதி இடம் வாங்கியிருக்கிறான், அக்கா. அந்த வார்த்தையை இன்னொரு தரம் வாசித்துக்கொள்: எழுத்துத் தேர்வு. கோழித்தீவனக் கடையில் முன்பின் தெரியாத ஒரு மனுஷரை நிறுத்தி வைத்து இதைச் சொன்னேன். பெருமையடிக்கக் கூடாது என்று எங்கள் போதகர் பிரசங்கம் பண்ணி ஒரு நாள்கூட ஆகவில்லை. அவரிடமும் சொன்னேன்.

விழாவுக்குப் பாட்டு ஏற்பாடு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. தனியாக இல்லை, மெலிண்டா ஹாட்சரோடு. விழா அவர்கள் சபையில்தான் நடக்கிறது, அவள் மகள் அபிகாயிலும் முடிக்கிறாள். மெலிண்டா நல்லவள், ஆனால் கடிகாரத்தை விழுங்கியவள். நிமிஷக் கணக்கோடு ஒரு அட்டவணை போட்டுக் கொண்டுவந்தாள். பிள்ளைகள் நுழையும்போது எல்லாப் பள்ளியிலும் வாசிக்கிற அதே அணிவகுப்பு இசை, பியானோவில். பிறகு ஒவ்வொரு பிள்ளையின் குழந்தைப் படங்களும் திரையில் ஓடும்போது அவரவர் விரும்பிய பாட்டு, தலைக்கு இரண்டரை நிமிஷம். தாய்மார் அழுவது அப்போதுதான், ஆகவே அழுகைக்கும் இரண்டரை நிமிஷம். புரூயிட் வீட்டு இரட்டையர் இரண்டு பேரும் ஒரே பாட்டைக் கேட்டு ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டோம். தோற்றவன் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

அதுவரை எல்லாம் சிரிப்பும் வேலையுமாகத்தான் போனது. அடுத்ததாக அட்டவணையில் ஒரு வரி இருந்தது. பியானோ மெதுவாக வாசிக்க, ஒவ்வொரு பிள்ளையும் முன்னால் வந்து, தன் வேதாகமத்தைத் திறந்து, தனக்குப் பிடித்த வசனத்தை வாசிக்க வேண்டும். என் முகம் மாறியதை மெலிண்டா பார்த்துவிட்டாள். “முப்பதே செகண்டு, டார்லா. இது யாருக்குத்தான் முடியாது?” என்றாள். அவள் மேல் குற்றமில்லை. எஸ்றாவின் கஷ்டத்தை நான்தான் யாரிடமும் சொன்னதில்லையே.

அவனுக்கு இப்போது வாசிக்க வரும். தனியாக உட்கார்ந்தால், நேரம் கொடுத்தால், எதையும் வாசிப்பான். ஆனால் இருநூறு பேர் பார்க்க நின்றால் எழுத்துகள் இடம் மாறி ஓடத் தொடங்கிவிடும். பழைய ஏற்பாட்டில் வேதத்தை ஜனங்களுக்கு வாசித்துக் காட்டிய எஸ்றாவின் பெயரைத் தேடித் தேடி வைத்தேன், பார்த்தாயா!

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த காரியத்தை எழுதவே கை கூசுகிறது. வசனத்தை மனப்பாடம் பண்ணிக்கொள், புத்தகத்தைத் திறந்து வைத்து வாசிப்பதுபோல நில், ஒருவருக்கும் தெரியாது என்று அவனிடம் சொன்னேன். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். “வேதத்தைக் கையில வச்சுக்கிட்டு நடிக்கச் சொல்றீங்களாம்மா? ஒரு தடவை பண்ணினது போதும்” என்றான். அத்தோடு எழுந்துபோய்த் தட்டைக் கழுவி வைத்தான்.

அந்த ஒரு தடவை எது என்று உனக்குத் தெரியும், அக்கா. தெரியாத பாதியை இன்று சொல்லிவிடுகிறேன். பத்து வருஷத்துக்கு முன் நீ வந்திருந்தபோது எட்டு வயது எஸ்றா உனக்கு வாசித்துக் காட்டினானே, அது நான் சொல்லிக்கொடுத்த நாடகம். நீ வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அந்தப் பக்கங்களை அவனுக்கு உருப்போட வைத்தேன், எந்த வார்த்தையில் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்பது உட்பட. நீ பள்ளிக்கூடத்து டீச்சர். வீட்டில் வைத்துப் படிக்கவைத்தால் பிள்ளை பாழாய்ப்போவான் என்று சொன்னவள். உன் முகத்தில் கரியைப் பூச வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. நீ பாதியில் பக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாய். அவன் நிறுத்தவில்லை. உன் விரல்களையே பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பிசகாமல் வாசித்துக்கொண்டே போனான்.

நீ சத்தம்கூடப் போடவில்லை. “டார்லா, இது டிஸ்லெக்சியாவா இருக்கலாம். இவனை யார்கிட்டயாவது கூட்டிட்டுப் போய் டெஸ்ட் பண்ணணும்” என்றாய், அவ்வளவுதான். நான்தான் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். உன் பெட்டியை நானே தூக்கிக்கொண்டுபோய்க் காரில் வைத்தேன். பிள்ளை என்னையும் சேர்த்து ஏமாற்றிவிட்டான் என்று கர்ட்டிஸிடம் சொன்னேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் என் பொய்யைச் சுமத்தினேன், அவன் வாயைத் திறக்கவில்லை.

பிறகு இரண்டு வருஷம் கழித்துத்தான் லிட்டில் ராக்குக்கு அழைத்துப்போனேன். பரிசோதித்த அம்மா சொன்ன பெயரும் நீ அன்று சொன்ன பெயரும் ஒன்றுதான், டிஸ்லெக்சியா. திரும்பி வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்தி அழுதேன். உனக்கு அன்றே போன் பண்ணியிருக்க வேண்டும். நம்பர் என்னிடம் இருந்தது.

அவன் எப்படி வாசிக்கக் கற்றான் என்பதையும் கேள். உனக்கும் எனக்கும் சின்ன வயதில் சபையில் கற்றுக்கொடுத்த வடிவச் சுரங்கள்தான். சுரத்துக்கு ஒரு வடிவம்: தோ என்றால் முக்கோணம், மி என்றால் வைர வடிவம், சோ வட்டம், லா சதுரம். எழுத்தைக் கண்டால் மிரளும் பிள்ளை அந்த வடிவங்களை மட்டும் பார்த்த மாத்திரத்தில் பாடுவான். நம் பாட்டுப் புத்தகத்தில் வார்த்தைகள் முழுதாக இருக்காதே, ஒவ்வொன்றையும் உடைத்து, ஒரு சுரத்துக்குக் கீழே ஒரு துண்டாகத்தானே போட்டிருப்பார்கள். சுரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இருக்கும் துண்டைப் படித்தான். துண்டுகளைச் சேர்த்து வார்த்தை, வார்த்தைகளைச் சேர்த்து வரி. மற்ற பிள்ளைகள் பாடப்புத்தகம் வைத்துப் படித்தார்கள். என் பிள்ளை அறுநூறு ஞானப்பாட்டு வைத்துப் படித்தான். பதினொன்றாம் வயதில் காலைச் சாப்பாட்டுத் தானிய அட்டைப்பெட்டி ஒன்றின் பின்பக்கத்தை எனக்கு முழுதாக வாசித்துக் காட்டினான். அந்தக் காலி அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன், கர்ட்டிஸ் கேலி பண்ணினால் பண்ணட்டும்.

ஏப்ரல் 29, புதன்

திங்களன்று இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். நேற்று நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது என்பதால் தொடர்கிறேன்.

நேற்று மாலை ஒத்திகை பேசக் குடும்பம் குடும்பமாக மெலிண்டாவின் சபையில் கூடினோம். வசனம் வாசிக்கும் பகுதி வந்ததும் நான் ஏதாவது சாக்குச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எஸ்றா எழுந்துவிட்டான். “எனக்கு வாசிக்க வரும், ஆனா ரொம்ப மெதுவா வரும். டிஸ்லெக்சியா. எல்லாரும் பாக்குறப்ப சுத்தமா வராது. அதுக்குப் பதிலா நான் ஒரு பாட்டு நடத்துறேன். முதல்ல சுரம், அப்புறம் வார்த்தை. அப்படித்தான் நான் படிச்சேன்” என்றான். பத்து வருஷமாக நான் மூடி வைத்ததை ஒரு மூச்சில், நாலு பேர் முன்னால், வெட்கப்படாமல் சொன்னான்.

மெலிண்டா அட்டவணையைப் பார்த்தாள். “சுரத்தை மட்டும் பாடினா கேக்குறவங்களுக்கு என்னப்பா புரியும்? தோ, மி, சோன்னு… சிரிப்பாங்களே” என்றாள். “சிரிக்கட்டும் ஆன்ட்டி. வாயைத் திறந்துட்டாங்கன்னா பாட வச்சிடலாம்” என்றான் இவன். மெலிண்டாவின் கணவர் ரான், வருஷத்துக்குப் பத்து வார்த்தை பேசுகிறவர், “என்னை முதல் ஆளா சேத்துக்கோ” என்றார். மெலிண்டா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். “சரி, நாலு நிமிஷம் வேணும். அழுகையில ஆளுக்கு ஒரு நிமிஷம் வெட்டிடலாம்” என்றாள். அவள் நல்லவள் என்று முன்பே சொன்னேனே!

அந்தச் சபையில் பாட்டுப் புத்தகமே கிடையாது, பாடும்போது வரிகள் சுவரில்தான் ஓடும். கர்ட்டிஸ் நம் சபையிலிருந்து ஒரு பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுவந்திருந்தார். அப்பனும் மகனும் எனக்குத் தெரியாமல் பேசி வைத்திருக்கிறார்கள்! எஸ்றா முன்னால் நின்று சுருதி கொடுத்து, கையைத் தூக்கினான். அக்கா, அவன் கை இறங்கியதும் எல்லாரும் ஒன்றாக ஆரம்பித்ததை நீ கேட்டிருக்க வேண்டும். ரான் அடிக்குரலில் பேஸ் பிடித்தார். கர்ட்டிஸும் இரட்டையரின் அப்பா புரூயிட்டும் அதற்கு மேலே டெனர். தெரியாதவர்களுக்கு எஸ்றா விரலால் காட்டிக்கொடுத்தான், தப்புப் பண்ணியவர்களைப் பார்த்துச் சிரித்தான். முகம் தூக்கி வைத்திருந்த இரட்டையன்கூடப் பாடினான். என் மகன் அவர்களுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இரண்டாம் வரியில் அவன் கையை இறக்கிவிட்டான். “ஆல்ட்டோ எங்க?” என்றான். அது பெண்கள் பிடிக்க வேண்டிய கீழ்க்குரல் அல்லவா, நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். மற்றவர்கள் எல்லாருக்கும் மேல்ராகம் ஒன்றுதான் தெரியும். நான் முயன்று பார்த்தேன். நாலு சுரம் தாண்டுவதற்குள் மேலே வழுக்கிப் போய்விட்டேன். ஆல்ட்டோ பாட வேண்டிய தேவை எனக்கு என்றைக்கு இருந்தது? எப்போதும் என் இடது பக்கத்தில் நீ நின்றாய்.

வீட்டுக்குத் திரும்பும்போது “நடீன் பெரியம்மாவைக் கூப்பிடுங்கம்மா” என்றான். அவள் வரமாட்டாள் என்றேன். கொஞ்ச தூரம் போனபிறகு, நான் அறியாத ஒன்றைச் சொன்னான். அன்று நான் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது, நீ அவன் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாயாம். “உன் மேல தப்பே இல்லடா கண்ணு. உன் மூளை நல்லா இருக்கு, எழுத்துதான் ஆட்டம் காட்டுது. ஒரு நாள் நீ வாசிப்ப, பாரு” என்றாயாம். எனக்குக் கோபம் வரும் என்று பத்து வருஷம் சொல்லாமல் வைத்திருந்தான். “நீங்க சொல்லிக்கொடுத்தீங்கம்மா. ஆனா வாசிப்பேன்னு நான் நம்பினது பெரியம்மா சொன்னதாலதான்” என்றான்.

ஆல்ட்டோ வரி இருக்கும் பக்கத்தை நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்கு அது தேவைப்படாது என்று தெரியும். லிட்டில் ராக் விமான நிலையத்துக்குக் கர்ட்டிஸ் வருவார், எந்த நேரமானாலும். பின்னறையில் புது மெத்தை போட்டிருக்கிறேன். விழா முடிந்து சபைக் கூடத்தில் எல்லாரும் கொண்டுவந்த சாப்பாடு, நான் பன்றித்தொடையும் உருளைக்கிழங்கும் செய்கிறேன். ஜூன் முதல் வாரம் எஸ்றா பயிற்சிக்குக் கிளம்பிவிடுவான்.

எல்லாரும் மேல்ராகத்தையே பாடினாலும் விழா நடக்கும் என்று மெலிண்டா சொல்கிறாள். நாலு பகுதியும் நிற்காமல் கையைத் தூக்கமாட்டேன் என்கிறான் இவன். இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நீ கேட்க வேண்டாம்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அதில் வருகையை அதிகமாக என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்று நீ சொன்னது சரி. நான் செய்தது தப்பு. வா, அக்கா. அவனுக்காக வருவதாக இருந்தால் அவனுக்காக வா, ஆனால் வந்து என் பக்கத்தில் நில்.

உன் தங்கை,
டார்லா