படியில் விழாத குழந்தை

இன்று காலை, குழந்தைகளின் ஈறு மரத்துப்போகத் தடவும் ஸ்ட்ராபெரி ஜெல்லைத் திறந்தேன். அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய். நீ இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. லாலாகுடாவில் நாம் சேர்ந்து தொடங்கிய பல் கிளினிக்கை இப்போது நான் மட்டும் திறக்கிறேன்.

ஸ்வாதியை அவள் பெற்றோர் அழைத்துவந்த மாலை நினைவிருக்கிறதா? ஆறு வயது. முன்பல் உடைந்து, மேலுதடு வீங்கியிருந்தது.

"படியில விழுந்துட்டா டாக்டர்," என்றார் அப்பா. நல்ல உடுப்பு, மரியாதையான பேச்சு.

நீ உதட்டை மெல்லத் தூக்கினாய். உதட்டையும் ஈறையும் இணைக்கும் மெல்லிய சதை கிழிந்திருந்தது. காதுக்குப் பின்னால் பழைய அடி மஞ்சளாகக் கன்றியிருந்தது. கையிலும் முழங்காலிலும் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

"எக்ஸ்ரே எடுக்கணும். நீங்க வெளியில இருங்க சார்," என்றாய். அவர் போனதும் குழந்தையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "என்ன ஆச்சுடா தங்கம்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருந்தாய். வெகுநேரம் கழித்து அவள் தெலுங்கில் முணுமுணுத்தாள், அப்பா அடித்தார் என்று.

உள்ளேயே நின்றிருந்த அவள் அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நக்கோ, வேண்டாம் டாக்டர், யார்கிட்டயும் சொல்லாதீங்க. வீட்டுல இன்னும் மோசமாயிடும்."

"சொல்லாம விட்டாதாம்மா மோசமாகும். நீங்க தனியா இல்ல," என்றாய். உள்ளறைக்குப் போய்க் குழந்தைகள் உதவி எண்ணை அழைத்தாய். அவர்கள் வந்து சேரும்வரை சிகிச்சையை இழுத்துக்கொண்டே இருந்தாய்.

மறுநாள் அந்த மனிதர் வாசலில் நின்று கத்தினார். "பல்லு பார்க்கிறவ பல்ல மட்டும் பாரு!"

"அது எப்படி உடைஞ்சதுன்னு பார்க்கிறதும் என் வேலைதான் சார்."

அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினாய். "நான் நினைச்சது தப்பா இருந்திருந்தா என்னடீ? ஆனா சரியா இருந்து, நான் பேசாம விட்டிருந்தா?" என்றாய்.

அந்த வாரமே ஸ்வாதியும் அம்மாவும் தார்நாகாவில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அப்பா அவர்களை நெருங்கக் கூடாது என்று பிறகு நீதிமன்ற உத்தரவும் வந்தது.

போன வாரம், பன்னிரண்டு வருடங்கள் கழித்து, ஸ்வாதி வந்திருந்தாள். கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். வாய்விட்டுச் சிரிக்கிறாள். "இன்னொரு டாக்டர் ஆன்ட்டி எங்க?" என்று கேட்டாள். சொன்னேன்.

"அன்னிக்கு அவங்க என்னைக் கேட்டாங்க ஆன்ட்டி. அதுவரைக்கும் எல்லாரும் அப்பாவைத்தான் கேட்டாங்க."

இப்போது எந்தக் குழந்தை வந்தாலும் முதலில் அதனிடம்தான் கேட்கிறேன். பெரியவர்கள் குறுக்கே பேசினால், "குழந்தையே சொல்லட்டும்" என்கிறேன். பிறகு, பதில் வரும்வரை காத்திருக்கிறேன்.