காருக்குப் போட்ட தோணிப் பிளக்

பெற்றோல் வரிசைகள் ஓய்ந்த மறு வருடம், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த வெள்ளி இரவு.

பகலில் மருமகன் றிஸ்வான் முற்றத்தில் காரைச் சர்வீஸ் செய்துகொண்டிருந்தான். கையெல்லாம் ஒயில். "மாமா, அலுமாரியில புதுப் பிளக் இருக்கு. தோணி மோட்டர்ர பெட்டியும் அங்கதான் கிடக்கு, நம்பரப் பாத்து எடுங்க" என்றான்.

இரண்டு பெட்டியிலும், எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் அந்தப் பிளக்குகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. கண்ணாடியை மாட்டி, வாசிப்பவன்போல் உதட்டை அசைத்து, ஒரு பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"நம்பர் சரியா மாமா?"

"ஓம்."

"தினம் பேப்பர் பாக்கிற ஆளு, பிழைக்குமா!" என்று சிரித்தான்.

பின்னேரம் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஆலங்குடாவுக்கு வாடகைக்கு, ஹயர் போன கார் பாதி வழியில் இழுத்து இழுத்து நின்றுவிட்டது. அவர்கள் வேறொரு வான் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். திரும்பி வந்தவன் என் மகள்மேல் பாய்ந்தான். "மாமா பெட்டிய வாசிச்சுத்தான் எடுத்தாரு. அலுமாரி தொடைக்கக்குள்ள நீதான் மாத்திப் போட்டிருப்பாய்!"

அவள் அழுதாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிந்த உம்மாவும் கூடப் பிறந்த காக்காமாரும் மௌத்தாகிவிட்டார்கள். உயிரோடு இருப்பது, நான் சொல்லச் சொல்லத் தலை நிமிராமல் இதை எழுதும் என் பெண்டாட்டி சுபைதா ஒருத்திதான்.