சாமியறையில் மாட்டிய அரபு எழுத்து

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் தாட்சாயினிக்கு,

நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தை முருகனிடம் ஒப்படைத்திருக்கிறோம். ரெலிபோனில் எழுதினால் அம்மா மூக்குக்கண்ணாடியோடு வந்துவிடுவா, ஆகவே காகிதம். ஊரில் பத்தாம் வகுப்பு ஓ.எல். பரீட்சையை மூன்று தடவை எழுதியவனின் கடிதம், பிழைகளைப் பொறுத்துக்கொள்.

ஸ்பெயினிலிருந்து நீ அனுப்பிய கிரனாடா அரண்மனைப் படங்கள் கிடைத்தன. சுவரெல்லாம் கவிதையும் இறைவன் பெயரும் செதுக்கியிருக்கிறது, சில இடங்களில் சுவரே வாய் திறந்து தன்னைக் கட்டிய அரசனின் பெயரைச் சொல்லுகிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் பிள்ளை, சுதைவேலை படிக்கப் போன புதிதில் அரபியில் ஒரு எழுத்தும் விளங்கவில்லை என்று அழுதவள் நீ. இப்போது வரி வரியாகப் பொருள் சொல்லுகிறாய். யார் வாசித்துக் காட்டுவது?

குளத்தடியில் நீ நிற்கிற படத்தையும் பார்த்தேன். இருபது வருடமாக அலுவலகக் கண்ணாடி துடைக்கிறவன் நான். தண்ணீரில் உனக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் விழுந்திருந்தது. தூண் என்றுதான் நினைத்தேன். தூண் தொப்பி போடாது.

பேந்து, நீ சட்டம் போட்டு அனுப்பிய அரபு எழுத்து. ‘கடவுளைத் தவிர வெல்பவர் இல்லை’ என்ற அரண்மனை வாசகம், எந்தக் கடவுளுக்கும் பொருந்தும் என்றாய். அம்மா அதைச் சாமியறையில் முருகனுக்குப் பக்கத்தில் மாட்டி, சந்தனப் பொட்டும் வைத்துவிட்டா. எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. போன சனிக்கிழமை அம்மா லவாலுக்குச் சாமான் வாங்கப் போன நேரம், அதைக் கழற்றித் துவாயில் சுற்றி, மூலைக்கடை மொரோக்கோக்காரர் ரஷீத்திடம் கொண்டுபோனேன். களவுப்பொருள் விற்க வந்தவன் மாதிரி நின்றேன்.

மேலே இருப்பது நீ சொன்ன வாசகம்தானாம். கீழே இலைக்கொடி வேலைப்பாட்டுக்குள் பார்த்தவர் சிரித்து, என் கையைப் பிடித்துக் குலுக்கி, கலியாணம் எப்போது என்று கேட்டார். அங்கே இரண்டு பெயர்களாம். ஒன்று உன்னுடையது. மற்றது இல்யாஸ். எல்லாம் தெரிந்தவன் போல, ஸ்னோ கரைந்த பிறகு என்று சொல்லி, தேவையில்லாத பால் பெட்டி ஒன்றும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

சுவருக்கு இருக்கிற துணிவு என் மகளுக்கு இல்லையா? அந்தப் பொடியன் யார், என்ன செய்கிறான், அம்மாவின் மீன்குழம்பு உறைப்பைத் தாங்குவானா, எல்லாம் இலைக்குள் ஒளிக்காமல் எழுது. எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.

படத்தைத் திரும்ப அதே ஆணியில் மாட்டிவிட்டேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை, அது நீ சொல்லவேண்டியது. அதுவரை அவ காலையில் உனக்காகக் காட்டுகிற சாம்பிராணி இரண்டு பெயருக்கும் சேர்த்துத்தான் போகிறது. முருகன் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

அங்கேயும் குளிர் தொடங்கிவிட்டதாம். தூணிடம் தொப்பி இருக்கிறது. நீயும் ஒன்று போட்டுக்கொள். கடவுள் உங்களைக் காக்கட்டும்.

அப்பா
கணேசலிங்கம்