துளசிக்கு ஊற்றிய உப்புத் தண்ணீர்

மச்சான், சௌக்கியமா? போன இடத்தில் தண்ணீராவது நல்ல தண்ணீரா? கேட்கிற விதம் சரியில்லைதான். ஆனால் உன்னிடம் முதலில் கேட்க எனக்கு அதுதான் தோன்றுகிறது. நல்ல தண்ணீர் வாசல்வரை வந்தபோது வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய ஆள் நீ.

காலையில் வடக்கு வரப்பில் நடந்தேன். வேட்டி எதிலோ உரசியது. குனிந்து பார்த்தால் துளசி. நாம் போட்டதில் மிச்சம் அது ஒன்றுதான். ஒரு சாண் உயரம்கூட இல்லை. இலையெல்லாம் உளுந்து அகலம், ஓரம் கருகல். ஒன்றைக் கிள்ளிக் கசக்கினேன். வாசம் மூக்கில் ஏறி நெற்றிப்பொட்டில் போய் நின்றது. அதோடு நீயும் வந்து நின்றாய், கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை மூக்கில் வைத்துக்கொண்டு. செடியை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டேன். கையை மூன்று தரம் கழுவியும் போகவில்லை. அந்தக் கையால்தான் எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன். நீ சவுதியிலிருந்து போட்ட கடிதங்களை உன் தங்கச்சி வாசித்துக் காட்டுவாள். கல்யாணமான புதிது. சில வரிகளை விட்டுவிட்டு வாசிக்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம். அதைக் கண்டுபிடிக்கத்தான் எழுத்துக் கூட்டவே கற்றுக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் அவள் விட்ட வரியெல்லாம் நீ என்னைக் கிண்டல் பண்ணியது. 'அந்த மாடு மேய்க்கிற மாப்ள எப்படி இருக்கான்' என்று எழுதியிருந்தாய். பதில் போட வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். இப்போதுதான் போடுகிறேன்.

அங்கே உனக்கு அத்தர் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை. எட்டு வருஷம் பெட்டி சுமந்தும் ஒரு பாட்டிலைத் திறந்து முகர விடவில்லை என்று நீதான் சொன்னாய். ஊருக்கு வந்ததும் உன் கண் தங்கச்சி வயல்மேல் விழுந்தது. உங்கள் அப்பா அவளுக்கென்று எழுதிவைத்த வயல். மழை ஏமாற்றி இரண்டு போகம் நெல் மணி பிடிக்காமல் சாவியாகப் போயிருந்த நேரம். "மாப்ளே, நெல்லு வேணாம். துளசி போடுவோம். நாமளே தைலம் வடிப்போம். ஆவுடையார்கோவில்லேருந்து அத்தர் போவுது பாரு," என்றாய். பெரிய கொப்பரை வந்தது, குழாய் வந்தது, அடுப்பு வந்தது. முதல் வருஷம் இடுப்பளவு துளசி. இலை அகலம் அகலமாக. வடித்த தைலம் தண்ணீர்மேல் இளமஞ்சளாக மிதந்தபோது நீ துண்டை உதறித் தோளில் போட்ட விதத்தை இன்னும் மறக்கவில்லை.

அடுத்த சித்திரையில் போர்க் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. போர்க்காரர் தெளிவாகத்தான் சொன்னார்: "அண்ணே, இதுக்குக் கீழ உப்புத் தண்ணி. இதோட நிறுத்திக்கங்க." நீ கேட்டாயா? "எறக்குய்யா குழாய!" என்று கத்தினாய். தண்ணீர் பீறிட்டு வந்தது. உன் தங்கச்சி ஒரு கை அள்ளி வாயில் ஊற்றித் துப்பினாள்.

"அண்ணே, கரிக்குது."

"நீயா குடிக்கப் போற? செடிதான குடிக்குது."

"செடிக்கு மட்டும் நாக்கு இல்லையாக்கும்?"

நாம் இருவரும் சிரித்தோம். நானும் வாயில் ஊற்றிப் பார்த்திருந்தேன் மச்சான். கரித்தது. தெரிந்துகொண்டேதான் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். அதற்கு என்னை நானே தினமும் திட்டிக்கொள்கிறேன். அது என் பாடு. இது உனக்கு எழுதுகிற கடிதம்.

அந்தத் தடவை செடி முழங்காலைத் தாண்டவில்லை. இலை சிறுத்துத் தடித்தது. ஆனால் வாசம் மட்டும் ஆளைத் தள்ளியது. கீரமங்கலம் சந்தைக்கு நான் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறியபோது கண்டக்டர், "யோவ், பெருமாள் கோயிலையே பேத்து எடுத்துட்டு வாரியா? பின்னாடி போய் நில்லு," என்றார். ஒரு கிழவி கட்டைப் பார்த்துக் கும்பிட்டு விபூதிகூடப் பூசிக்கொண்டது. பெருமாள் துளசிக்கு விபூதி! அதைச் சொல்லி நாம் ஒரு வாரம் சிரித்தோம். தைலம் வாங்க வந்த வியாபாரி ஒரு சொட்டைக் கையில் தேய்த்துக் கண்ணை மூடி முகர்ந்துவிட்டு, "என்ன தண்ணிங்க பாய்ச்சுறீங்க?" என்று கேட்டார். நீ என் விலாவில் இடித்தாய். அவர் போனதும், "அது தண்ணியில்ல மாப்ளே, மருந்து," என்றாய்.

தீபாவளி முடிந்து அடைமழை பிடித்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிந்தது. ஊரே வயலுக்குத் தண்ணீர் திருப்ப ஓடியது. நீ மட்டும் மண்வெட்டியோடு வந்து, "வாய்மடைய அடை மாப்ளே. கம்மாத் தண்ணி உள்ள வந்தா வாசம் செத்துப்போகும்," என்றாய். நான் அடைத்தேன். மண்ணை வெட்டிப் போட்டு, வைக்கோல் திணித்து, மேலே ஏறி மிதித்து அடைத்தேன். பக்கத்து வயல்காரர் நின்று பார்த்துவிட்டு, "ஏப்பா, வீட்டுக்கு வந்த மகாலட்சுமிய யாராச்சும் வெளிய வச்சுப் பூட்டுவாங்களா?" என்றார். உன் தங்கச்சி அன்றைக்கு என்னோடு பேசவில்லை. உன்னோடு பேசினாள். உனக்குச் சோறும் போட்டாள்.

அடுத்த பட்டத்தில் மண்மேல் வெள்ளை பூத்தது. நாற்று நட நடச் செத்தது. பிழைத்ததை வடித்தால் அரைப் பாட்டில்கூடத் தேறவில்லை. அதே வியாபாரி முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "காரமா எரியுதுங்க. இதுல துளசி இல்லையே," என்று பாட்டிலைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். நீ கொப்பரையைக் கழுவிக் கவிழ்த்தாய். பிறகு அதிகம் பேசவில்லை. போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழவில்லை. நான் உனக்காக அழுதேன் மச்சான். பாவம், தெரியாமல் செய்தான், அதிலேயே மனசு விட்டுப் போய்விட்டான் என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

போன மாதம் மண்ணைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு மண் பரிசோதனை ஆபீசுக்குப் போனேன். அந்த மேடம் ஊர்ப் பேரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தது.

"துளசித் தைலம் வடிச்சவங்களா? ஒருத்தர் சின்னப் பாட்டில கைக்குட்டையில சுத்திக் கொண்டாந்தாரே. அவரு வரலையா?"

"அவரு போயிட்டாரும்மா. எம் மச்சான்."

மேடம் பேனாவை மூடி வைத்தது. பிறகு, "அவர்ட்டயே வெவரமா சொன்னேங்க. உப்புத் தண்ணியில செடி திணறுது. திணறுறப்ப எலையில எண்ணெ கூடும், எலை சிறுத்துப்போகும். உப்பு இன்னும் ஏறிச்சுன்னா எண்ணெயும் கொறஞ்சு வாசமும் மாறிடும். இந்த மழையில கம்மாத் தண்ணிய வயல்ல கட்டி வடிய விட்டுருங்க, மண்ணு தப்பிச்சுக்கும்னு பேப்பர்ல எழுதியே கொடுத்தேன்," என்றது.

எப்போது என்று கேட்டேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தது. அந்த அடைமழைத் தீபாவளிக்கு முந்தின வாரம்.

முந்தின வாரம் மச்சான்! அந்தப் பேப்பரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் மண்வெட்டியை என் கையில் கொடுத்திருக்கிறாய். செடி மூச்சுத் திணறி விட்ட வாசத்தை மருந்து என்று என்னிடம் சொன்னாய். நான் மடைமேல் ஏறி மிதிப்பதை வரப்பில் நின்று பார்த்தாய். 'இன்னும் நல்லா மிதி' என்றுகூடச் சொன்னாய். எப்படியடா வாய் வந்தது உனக்கு?

ஏன் செய்தாய் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. எட்டு வருஷம் மூடின பாட்டிலைச் சுமந்தவன். ஒரு வியாபாரி உன் தைலத்தைக் கண்ணை மூடி முகர்ந்துவிட்டான். அதைக் கைவிட உனக்கு மனசு வரவில்லை. ஒரு பட்டம் பார்ப்போம், அடுத்த மழைக்குத் திறந்துகொள்வோம் என்று நினைத்திருப்பாய். அடுத்த மழை எங்கே வந்தது? புரிந்தால் கோபம் ஆறும் என்று சொல்வார்கள். எனக்குப் புரியப் புரியத்தான் ஏறுகிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் அடைக்கச் சொன்னால் அடைத்திருப்பேனோ என்னவோ. நம் இரண்டு பேர் பாவமாகவாவது இருந்திருக்கும்.

உன் தங்கச்சி இன்றுவரை என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் தெரியுமா? அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது, புருஷன்தான் பக்கத்து வயல்காரர் சொல்லியும் கேட்காமல் மடையை மிதித்து மூடினான் என்று. வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். சோற்றுத்தட்டை வைக்கிற சத்தத்தில் சொல்வாள். அவள் அப்பா கொடுத்த வயல், மச்சான். மூன்று தரம் உன் பேப்பர் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். ஒரு தரம் உன் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தரம் உன் சட்டையைத் தைத்து என்னைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். மூன்றாவது தரம் ஒரு தடையும் இல்லை; எனக்குத்தான் வரவில்லை. உன் பங்கையும் சேர்த்து நானே தூக்கிக்கொண்டு திரிகிறேன். மூட்டை தூக்கினவன் நீ. இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாகப் போய்விட்டாய்.

இந்த வருஷம் கண்மாயில் தண்ணீர் இருக்கிறது. மேடம் சொன்னபடி வரப்பை உயர்த்திக் கட்டி, கீழ்ப்பக்கம் வடிகால் வெட்டியிருக்கிறேன். கட்டி, வடித்து, மறுபடி கட்ட வேண்டும். எத்தனை வருஷம் ஆகுமோ. இன்றைக்குத் தண்ணீர் பாய்ச்ச நம் முறை. உன் தங்கச்சி எனக்கு முன்னாலேயே வயலுக்கு வந்துவிட்டாள். தண்ணீர் உள்ளே வந்ததும் அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் மோட்டார் கொட்டகையில் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். உனக்குச் சொல்லாமல் செய்தேன் என்று இருக்கக் கூடாது பார். அவளும் உன்மேல் கோபப்படட்டும். நான் ஒருவனே எத்தனை நாள்

இரு, கூப்பிடுகிறாள்.

"ஏங்க! அங்கிட்டு என்ன பண்றீங்க? இங்கிட்டு வாங்க, தண்ணி வந்திருச்சு! எங்க அண்ணன் இருந்தா இந்நேரம் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுக் குதிச்சிருக்கும்!"

அவள் இப்படிச் சிரித்துக் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது மச்சான். இப்போது போய் அவளிடம் நான் எப்படி