சும்மா ஒரு விருந்து

பிந்துலு, சரவாக்
3 மார்ச் 2024

அன்புள்ள தேவிஸ்ரீ,

நலமா? போனில் பேசினால் நான் கத்துவேன், நீ பேசாமல் இருந்துவிடுவாய். எழுதிக் கேட்டால்தான் உன்னிடமிருந்து முழுப் பதில் வரும். அதனால் ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் எழுதுகிறேன்.

மெர்லிமாவ் பாசாரில் பவானேஸ்வரி அக்கா என் அம்மாவை நிறுத்தி, "என்ன இந்திரா, மகன் கல்யாணத்த எங்களுக்குச் சொல்லாமலே முடிச்சிட்டியா?" என்று கேட்டிருக்கிறார். அவர் போனில் ஒரு படம். மலாக்கா ஓட்டலில் நடுவில் நீ. சுற்றிலும் பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாகப் பெண்கள். மாப்பிள்ளையை மட்டும் காணோம். அம்மா பேரம் பேசிய மீனைக்கூட வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

உன் அம்மாவிடம் விசாரித்தேன். மொழிபெயர்ப்புக்கு உனக்கு மொத்தமாக வந்த பணத்தை அந்த ஒரு மாலையில் செலவழித்துவிட்டாயாம். அது ஜாசினில் நாம் வாங்கப்போகும் வீட்டுக்கு முன்பணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நம்பித்தான் இங்கே தினமும் மெகி நூடுல்ஸ் தின்கிறேன்.

நிச்சயத்தில் தட்டு மாற்றியதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்கிறாள் அம்மா. "இனிக் கேட்காமல் செலவு செய்ய மாட்டேன்" என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. அவளிடம் காட்டிச் சமாளித்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஹரிதாஸ்


ஜாசின்
11 மார்ச் 2024

அன்புள்ள ஹரி,

முதலில், மெகியை விடுங்கள். எந்த வீடும் உங்கள் வயிற்றைவிடப் பெரியதில்லை.

படத்தில் இருப்பவர்கள் என் அம்மாவோடு சமையல் வேலைக்குப் போகிறவர்கள். இந்த வட்டாரத்தில் பாதிக் கல்யாணங்களுக்கு அவர்கள் கைச் சோறுதான். பந்தி முடிந்ததும் அண்டாவைச் சுற்றி நின்றுகொண்டே மிச்சத்தைச் சாப்பிடுவார்கள். வேறு யாரோ சமைக்க, இவர்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசை. பணம் வந்தது. வேன் பிடித்தேன், ஓட்டலில் மேசை சொன்னேன், "சாப்பிட வாங்க" என்று மட்டும் சொல்லி அழைத்தேன்.

நம் ஊரில் அது எவ்வளவு பெரிய தவறு! தீபாவளிப் பட்டில், ஆளுக்கொரு மொய் உறையோடு வந்து இறங்கினார்கள். மீனம்மா அக்கா மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மாப்பிள்ள எங்கம்மா? மேடையே காணோம்லா?"

"மேடை இல்லக்கா. சாப்பிடத்தான் கூப்பிட்டேன்."

"பர்த்டேயா?"

"இல்லக்கா. சும்மாதான்."

"சும்மா யாராச்சும் ஓட்டல்ல சோறு போடுவாங்களா?" என் கையைப் பிடித்துக் குரலைத் தாழ்த்தினார். "உண்மையச் சொல்லு. டாக்டர் ஏதும் சொல்லிட்டாரா?"

நான் சாகப் போகவில்லை என்று நம்பவைப்பதற்குள் சூப் ஆறிவிட்டது. அதன் பிறகு பார்க்க வேண்டுமே! பெரிய இறால், நண்டு, கடைசியில் குளிரக் குளிர மூன்று முறை ஐஸ் கச்சாங் இனிப்பு. மீனம்மா அக்கா பழக்கத்தில் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார். பரிமாறிய பெண் வந்து பிடுங்கிக்கொண்டாள். "புரியாணியில உப்பு கம்மி" என்று சத்தமாகக் குறை சொன்னார். இத்தனை வருடம் மற்றவர்கள் அவரிடம் சொன்ன குறை அது. சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்புக்கு இன்னொரு முறை செலவு செய்யலாம்.

உறைகளை நான் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அது விருந்தாக இருந்திருக்காது.

ஹரி, நம் இருவர் பெயரில் இருக்கும் பணத்தை உங்களைக் கேட்காமல் தொட்டதில்லை. தொடவும் மாட்டேன். நான் உழைத்துப் பெற்றதை எப்போதாவது இப்படித்தான் அள்ளி இறைப்பேன். கோபத்தில் செய்யவில்லை, கணக்குத் தெரியாமலும் செய்யவில்லை. நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியை எழுத மாட்டேன். அது இல்லாமல் முடியாது என்றால் தட்டைத் திருப்பிக்கொள்ளலாம். சண்டை போட மாட்டேன். வருத்தப்படுவேன்.

அன்புடன்,
தேவிஸ்ரீ


பிந்துலு
19 மார்ச் 2024

அன்புள்ள தேவிஸ்ரீ,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம். இரண்டாம் முறை, மொய்யை வாங்கியிருந்தால் பாதிச் செலவாவது திரும்பியிருக்குமே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக மூன்றாம் முறை வெட்கப்பட்டேன். டாக்டர் கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன், தட்டு பற்றிய பகுதியைத் தவிர. கடைசிவரை கேட்டாள். பிறகு, "எல்லாரையும் கூப்பிட்டவ என்னய ஏன் கூப்பிடல?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அப்பா போன பிறகு உறவில் எந்தக் கல்யாணத்தையும் அம்மா விட்டதில்லை. போவாள், மொய் வைப்பாள். மெர்லிமாவுக்குக் கடைசி பஸ் போய்விடும் என்று பந்திக்கு முன்பே எழுந்துவிடுவாள். வீட்டில் எங்களோடு சோறும் ரசமும் சாப்பிடுவாள். "விருந்து எப்படிம்மா?" என்று கேட்டால், "பிரமாதம்லா" என்பாள்.

அந்த ஒரு வரியை இப்போது நான் கேட்கவில்லை. என்ன கேட்பது என்றும் தெரியவில்லை.

ஹரிதாஸ்


ஜாசின்
27 மார்ச் 2024

அன்புள்ள ஹரி,

அத்தையைக் கூப்பிடாதது என் பிழைதான். சமைப்பவர்களை நினைத்த எனக்கு, சாப்பிடாமல் எழுந்து போகிறவர்கள் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஏப்ரல் 20, சனிக்கிழமை. அதே ஓட்டல். அன்று நீங்கள் விடுப்பில் இருப்பீர்கள். அத்தைக்கு வீட்டு வாசலுக்கே வாடகைக் கார் வரும். அவர் போதும் என்று சொல்லும்வரை அது வெளியே காத்திருக்கும். காத்திருப்பதற்கும் காசு கேட்பார்கள், தெரியும். கொடுப்பேன். அந்த மாலைச் செலவு போக என் கையில் மீதி இருப்பது அவ்வளவுதான். அதை இதற்கே செலவழிக்கப் போகிறேன்.

எந்த விசேஷமும் இல்லை என்று அத்தையிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உறை வேண்டாம். உங்களுக்கும் அதேதான்: சமாதானம், அறிவுரை, வீட்டுக் கணக்கு எதையும் கொண்டுவர வேண்டாம். பசியோடு வந்தால் போதும்.

தேவிஸ்ரீ


மெர்லிமாவ்
16 ஏப்ரல் 2024

என் தேவிஸ்ரீ,

நேற்று வந்து சேர்ந்தேன். அம்மா மாம்பழ நிறப் பட்டுச்சேலையை எடுத்து இஸ்திரி போட்டுவிட்டாள். விசேஷம் ஒன்றுமில்லை என்று நான்கு முறை சொல்லிவிட்டேன். "சரி சரி" என்கிறாள். ஆனால் காலையில் அவள் கைப்பையை எட்டிப் பார்த்தேன். உறை இருக்கிறது. அதை எப்படி மறுப்பது என்பது உன் பாடு.

நான் வெறுங்கையோடு வருகிறேன்.

உன்,
ஹரி